உன் லீவர் துவக்குக்கு முன்னால் நான் கை தூக்கிய கதை

பால் வாங்கப் போன இடத்தில், சுப்பர்மார்க்கெட் வரிசையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்களை விட்டுப் போன என் குலன் மச்சானுக்கு,

நீ உயிரோடு இருந்தபோதும் நான் எழுதுவதை வாசித்ததில்லை. ஊர் வாசிக்கும். பிறகு கலியாண வீட்டில் யாராவது உன்னைப் பிடித்து, "உங்கட மச்சான் உங்களைப் பற்றி என்னவோ எழுதியிருக்கிறாராமே" என்று மூட்டிவிடுவார்கள். நீ எனக்குப் போன் எடுத்து ஏசுவாய். அந்த ஒழுங்கை மாற்ற எனக்கு மனமில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தையும் எல்லாரும் பார்க்க எழுதுகிறேன். ஏசுவதற்கு வழி இருந்தால் ஏசு. கேட்க ஆசையாக இருக்கிறது.

முதலில் ஊர்ப்புதினம். உன் செத்தவீட்டுக்கு, மெல்பேர்னில் உங்கள் டார்னெய்ட் வீடு கொள்ளாத சனம். வந்தவர்களில் பாதிப் பேர் என் தங்கச்சி வதனியின் கையைப் பிடித்து அழுதார்கள். மற்றப் பாதி என்னைக் குசினிப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி, உன் வேட்டைத் துப்பாக்கியைப் பற்றி ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அந்தத் துவக்கு இப்ப எங்கை?" ஒரு அங்கிள், "துவக்கு வைச்சிருந்த மனுசன், பால் கியூவிலயோ போனவர்?" என்று மெய்யாகவே ஏமாந்துபோனவர் போலக் கேட்டார். உன் சார்பில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

துவக்கு என் கராஜில் இருந்தது. நீ போன பிறகு அது லைசென்ஸ் உள்ள ஒருவருடைய இரும்புப் பெட்டிக்குள்தான் இருக்கலாம் என்றார்கள். நீ என்னை நச்சரித்து எடுப்பித்த லைசென்ஸ் அன்றுதான் முதன்முதலாக உதவியது. பொலிசுக்கு அறிவித்துவிட்டு, என் துவக்குக்குப் பக்கத்தில் உன்னுடையதையும் நிறுத்திப் பூட்டினேன். ஆனால் அது தற்காலிகம். ஒன்றில் வதனி சம்மதித்து அதை உன் மகள் ஆரணியின் பெயருக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் கடைக்காரனிடம் விற்கக் கொடுத்துவிட வேண்டும்.

உன் மகள் சொன்னாள்: "இந்த வீட்டில எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். அப்பான்ர லீவர் மட்டும் போதும்."

உன் மனைவி சொன்னாள்: "இந்த வீட்டில எதை வேணுமெண்டாலும் எடு. அது மட்டும் வேண்டாம்."

பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சுட்ட வடையை வாயில் வைத்திருந்தேன்.

என் தங்கச்சியை உனக்குத் தெரியும். முடிவெடுத்தால் எடுத்ததுதான். ஆனால் அன்றைக்கு அவளால் எடுக்க முடியவில்லை. கடைசியில் என்னிடம் திரும்பினாள்.

"அண்ணை, நீ ஒருக்கா அவளோட காட்டுக்குப் போ. அவள் அந்தத் துவக்கை எப்பிடிப் பிடிக்கிறாள், எப்பிடி நடக்கிறாள் எண்டு உன்ர கண்ணால பார். வந்து ஒளிக்காமல் எனக்குச் சொல்லு. நீ ஓம் எண்டால் நானும் ஓம்."

"நானோ? என்ர கண்ணுக்கே கண்ணாடி மாத்த வேணும், வதனி."

"உன்னைவிட்டால் எனக்கு ஆர் இருக்கினம்?" என்றாள். உன் மகளின் விருப்பத்தையும் என் தங்கச்சியின் நித்திரையையும் சேர்த்து என் தலையில் வைத்துவிட்டாள்.

காட்டுக்குப் போகமுன், உன் பழக்கப்படி அவளைக் குறிபழகும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சரியாகச் சொன்னால் அவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். என் துவக்கை உனக்கு ஞாபகம் இருக்கும். அதன் முதுகில் உள்ள தொலைநோக்கியால் சனிக்கிரகத்தையே பார்க்கலாம், ஆனால் ஒரு மரைமானைக்கூடக் கண்டதில்லை. அங்கே எல்லாரிடமும் அப்படிப்பட்டவைதான். கறுப்புப் பிளாஸ்டிக், மூன்றுகால் தாங்கி, காற்றை அளக்கும் கருவி. ஆரணி உன்னுடையதை உறையிலிருந்து எடுத்தாள். மரக்கட்டையும் நீலம் பாய்ந்த இரும்பும். அவ்வளவுதான்.

பக்கத்து மேசைக்காரன் தன் விலை உயர்ந்த சாமானை அப்படியே விட்டுவிட்டு வந்தான். பிறகு தாடிக்காரன் ஒருவன். பிறகு ஒரு கிழவர், "என்னுடைய அப்பாவும் ஒன்று வைத்திருந்தார்" என்று இங்கிலீசில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொருவனும் கேட்டது ஒன்றுதான்: ஒருக்கால் பிடித்துப் பார்க்கலாமா? கொடுத்தால், தோட்டா ஏற்றும் அந்த லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்து, அந்தச் சளக்-சளக் சத்தத்தைக் கேட்டுவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள். வீடு வாங்கி, பிள்ளை பெற்று, முதுகுக்கு பெல்ற் கட்டிய மனிதர்கள்.

ஏன், மச்சான்? தானாகவே வெடித்துக்கொண்டு போகும் வகைகளை இந்த நாடு எப்போதோ சாதாரண சனத்திடமிருந்து எடுத்துவிட்டது, கெதியாக இரண்டாவது வெடி வேண்டியவனுக்கு மிஞ்சியது இதுதான் என்று நீ சொல்வாய். ஒல்லி, ஒற்றைக் கையால் நடுவில் பிடித்துப் பற்றைக்குள் நுழையலாம், வலக்கைக்கும் இடக்கைக்கும் ஒன்றுதான் என்பாய். பள்ளிக்கூடத்தில் இடக்கையால் எழுதி விரல் மொழியில் அடி வாங்கிய உனக்கு அந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும். உன் மகளுக்கும் இடக்கை. என் துவக்கைத் தூக்கினால் அவள் தலைகீழாகச் சட்டை போட்டவள் மாதிரித் தடுமாறுகிறாள். உன்னுடையதைத் தூக்கினால் அது அவளுடைய கையின் மிச்சம் போல இருக்கிறது. ஆனால் அந்தக் கிழவருக்கும் தாடிக்காரனுக்கும் வலக்கைதானே? அவர்கள் ஏன் சிரித்தார்கள்?

உன்னிடம் ஒருநாளும் நேராகக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜிப்ஸ்லாண்ட் மலைக்கு ஆரணியின் காரில் போனோம். நீ போகும் அதே காடு. இங்கத்தை மரைகளும் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவைதான், எங்களைவிட முந்தி வந்ததால் நல்ல காணியாகப் பார்த்துப் பிடித்துவிட்டன என்பாயே, அந்தக் காடு. விடியப் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. ஆரணி எனக்கு ஒரு செம்மஞ்சள் தொப்பி தந்தாள். காட்டில் மற்ற வேட்டைக்காரன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

"மாமா, இதைக் கழட்டக்கூடாது. ப்ராமிஸ்?"

"கழட்டமாட்டன், பிள்ளை."

கழற்றவில்லைத்தான். அதற்கு மேல் இன்னொன்று போட்டேன். உன் மச்சாளை, அதுதான் என் மனிசியை, உனக்குத் தெரியாதா? தலையில் பனி பட்டால் மனிதன் மூன்று நாளில் போய்விடுவான் என்ற கொள்கையுடையவள். காதுமூடி வைத்த மண்ணிறக் கம்பளித் தொப்பி ஒன்றை என் பைக்குள் திணித்து, "போடாமல் வந்தீங்களெண்டால் வீட்டுக்கு வராதேங்கோ" என்று சொல்லித்தான் அனுப்பினாள். குளிர் எலும்பைத் தொட்டதும் அதை எடுத்து செம்மஞ்சள் தொப்பிக்கு மேலால் இழுத்துவிட்டேன். அதோடு மண்ணிறப் போர்வையையும் சுற்றிக்கொண்டேன். மெல்பேர்னில் எத்தனையோ தமிழர் குளிருக்கு இப்படித்தான் நடக்கப் போகிறார்கள். அவர்கள் போவது பூங்காவுக்கு.

ஆரணி என்னை ஒரு விழுந்த மரத்தடியில் இருத்தினாள். தான் ஓடைக்கரையால் சுற்றி மேலே வருவதாகவும், அதுவரை நான் அந்த மரத்தை விட்டு அசையக்கூடாது என்றும் சொன்னாள். உன் குரல் மாதிரியே கண்டிப்பு. "நீங்கள் எங்க இருக்கிறீங்கள் எண்டு எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும், மாமா. நான் மேல வரேக்க இந்த மரத்தில உங்களைக் காண வேணும்."

"எனக்கு வேற எங்க போக்கிடம்?" என்றேன்.

சீனி வருத்தக்காரனுக்குப் போக்கிடம் இருக்கிறது, மச்சான். கொஞ்ச நேரத்தில் மூத்திரம் முட்டியது. ஒரு வெள்ளைக்காரன் என்றால் மரத்தின் மறுபக்கம் திரும்பி நின்று அலுவலை முடித்திருப்பான். எனக்கு மருமகள் மேலே வந்து கண்டுவிட்டால் என்ன செய்வது என்ற வெட்கம். அடக்கினேன். பிறகு முடியவில்லை. என் துவக்கை மரத்தில் சாய்த்துவிட்டு, மனித வாசனையே இல்லாத இடமாகத் தேடி, சரிவில் இறங்கி, இடுப்பளவு பன்னப்புதருக்குள் புகுந்து, ஊர்ப் பழக்கப்படி குந்தினேன்.

அந்த நேரம் பார்த்து மரை கத்தியது. பழைய லொறியின் ஹோர்ன் மாதிரி ஒரு சத்தம், எனக்குப் பின்னால், வெகு கிட்ட. என்னைக் கண்டுவிட்டு மற்றவற்றை எச்சரிக்கிறது என்பது பிறகு விளங்கியது. அப்போது எனக்கு விளங்கியது ஒன்றுதான்: அசையக்கூடாது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மரை இவ்வளவு கிட்ட வந்திருக்கிறது, அதுவும் நான் காற்சட்டையோடு மல்லுக்கட்டும் நேரத்தில். தலையை மட்டும் மெல்லத் திருப்பினேன். எங்கே என்று பார்க்க இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை.

அங்கிருந்து பார்த்தால் என்ன தெரிந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். புதருக்கு மேலே ஒரு மண்ணிறத் தலை. தொங்கும் இரண்டு காது. மெல்லத் திரும்பும் ஒரு கழுத்து.

மேலே, சரிவில், ஒரு சுள்ளி முறிந்தது. பிறகு ஒன்றுமில்லை. குருவிகூடச் சத்தம் போடவில்லை. மரை இன்னும் பின்னால் நிற்கிறதா, போய்விட்டதா தெரியவில்லை. ஆரணி எங்கே என்று தெரியவில்லை. கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிட்டால் மரை ஓடிவிடும், பிள்ளை ஏசுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

அப்போது கேட்டது. டிக். ஒரு சிறு இடைவெளி. டிக்.

உன் துவக்கின் குதிரை. விசைக்கு மேலே, எல்லாருக்கும் தெரிய நிற்கும் அந்தக் குட்டி இரும்பு வாலைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்தால் பாதியில் ஒரு சத்தம், முழுவதும் ஏறியதும் இன்னொரு சத்தம். என் வீட்டு மேசையில் வைத்து நீ எத்தனை தடவை காட்டியிருக்கிறாய்? அதற்குப் பிறகு விரலை மடக்குவது மட்டும்தான் மிச்சம் என்று சொல்லியிருக்கிறாய்.

நான் கத்தவில்லை, மச்சான். எழும்பவில்லை. ஓடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மூளை ஒன்றும் சொல்லமுன், என் இரண்டு கையும் தாமாக மேலே போய்விட்டன. விரல்கள் விரிந்தபடி, உள்ளங்கை முன்னுக்குத் தெரிய, புதருக்கு மேலே. ஊரில், நாவற்குழிச் சந்தியில், ஆமிக்காரரின் துவக்குக்கு முன்னால் நீயும் நானும் சைக்கிளைப் போட்டுவிட்டு நின்றோமே, அதே மாதிரி. உலோகம் உலோகத்தில் பூட்டுகிற சத்தத்துக்கு இந்த உடம்பு படித்த பாடம் அது ஒன்றுதான். ஆஸ்திரேலியக் குடியுரிமை எடுத்து, வீட்டுக்கடன் கட்டி, சிரிப்புக்கதை எழுதி, தொப்பை வைத்த பிறகும் கை அதை மறக்கவில்லை.

கை தூக்கியபடியே குந்தியிருந்தேன். காற்சட்டை முழங்காலில். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நெற்றியில் ஒரு இடம் குளிர்ந்தது. அங்கேதான் படும் என்று ஏனோ நிச்சயமாக நினைத்தேன்.

பிறகு, மேலேயிருந்து, காற்று மாதிரி ஒரு குரல்.

"மாமா?"

விரல்களை இன்னும் விரித்தேன்.

"மாமா. டோண்ட் மூவ். ப்ளீஸ், ஆடாதேங்கோ."

கையை இறக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தினேன். ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை. உன் மகள் சரிவில் நின்றாள். துவக்கின் வாய் இப்போது என் பக்கம் இல்லை, பக்கவாட்டில் நிலத்தைப் பார்த்தது. ஆனால் குதிரை இன்னும் ஏறியபடி. தோட்டா உள்ளே. அதை வெடிக்காமல் இறக்குவதற்கு ஒரே வழிதான். பெருவிரலால் குதிரையை இறுக்கிப் பிடித்து, அதே கையின் விரலால் விசையை இழுத்து, இரும்பை மெல்ல மெல்லக் கீழே விட வேண்டும். விரல் வழுக்கினால் வெடி. விறைத்த கை. நான் அவளுடைய இடக்கைப் பெருவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கொஞ்சம் இறங்கியது. நின்றது. மறுபடி இறங்கியது. அவள் உதட்டைக் கடித்திருந்தாள். கடைசியில் குதிரை போய்ப் படுத்தது. சத்தமே இல்லை.

அதன் பிறகு லீவரை அடித்து அடித்து உள்ளிருந்த தோட்டாவெல்லாம் உறைபனியில் விழ விட்டாள். எல்லாம் விழுந்து முடிந்த பிறகும் அடித்தாள். பிறகு துவக்கைக் கீழே வைத்துவிட்டு அப்படியே குந்தினாள்.

நான் காற்சட்டையைப் பூட்டிக்கொண்டு மேலே ஏறினேன்.

"காது தெரிஞ்சது, மாமா," என்றாள். "காது ரெண்டும் தெரிஞ்சது. நான் ஷுவர். நூறு வீதம் ஷுவர்."

"மாமாவுக்கு காது ரெண்டு இருக்குத்தானே, பிள்ளை."

சிரிக்கவில்லை. என் தலையிலிருந்த கம்பளித் தொப்பியை இழுத்துக் கழற்றினாள். உள்ளே செம்மஞ்சள் தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கேட்டாள்:

"ஏன் கையைத் தூக்கினனீங்கள்? வை டிட் யூ டூ தற்?"

"உனக்கு ஹலோ சொன்னனான்."

"மாமா."

மெல்பேர்னில் பிறந்து, தாதியாக வேலை செய்து, வரி கட்டும் பிள்ளைக்கு அதை எங்கேயிருந்து தொடங்கிச் சொல்வது? நீயென்றால் சொல்லியிருப்பாயா?

திரும்பி வரும்போது அவள் கார் ஓட்டினாள். நான் பேசினேன். நான் பேசாமல் இருந்த இடம் உலகத்தில் அந்தப் பன்னப்புதர் ஒன்றுதான். "அம்மாட்ட இதைச் சொல்லத் தேவையில்லை, ஆரணி. தொப்பியைப் போட்டது நான். மரத்தை விட்டுப் போனது நான். உன்னில பிழை குறைவு. நாங்கள் போனோம், மரையைக் காணேல்லை, வந்திட்டோம். அவ்வளவுதான் கதை." நீ விட்டுப்போன சாமானில் அவள் கேட்டது அது ஒன்றுதானே? நான் வாயைத் திறந்தால் அது போய்விடும். பச்சைப் பொய்யை இவ்வளவு அன்போடு நான் முன்னே பின்னே சோடித்ததில்லை.

அவள் தெருவையே பார்த்து ஓட்டினாள்.

வதனி கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு வந்திருந்தாள். அவளை ஏற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவதாகப் பேச்சு. செத்தவீடு நடந்து ஒரு வருடத்துக்குக் கோயில் வாசல் மிதிக்கக்கூடாது என்று அன்ரிமார் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் இருவருக்கும் அர்ச்சனை வேறு செய்திருந்தாள். துவக்குகள் இரண்டும் டிக்கிக்குள் பூட்டிய பெட்டியில் இருந்ததால் காரை விட்டு இறங்கிப் போக முடியாது. ஆரணியோடு கார்தரிப்பிடத்திலேயே காவல் நாய் மாதிரி இருந்தேன். ஒரு அன்ரி பெரிய சட்டியோடு நேரே எங்கள் காருக்கு வந்தா.

"தம்பி, டிக்கியைத் திறவுங்கோ. வதனிக்கு பொங்கல் குடுத்துவிட வேணும்."

"டிக்கி இறுகிப்போச்சு, அன்ரி."

"ஒருக்கா அடிச்சுப் பாருங்கோவன்."

"அடிக்கக் கூடாதாம், அன்ரி. வெடிச்சுப் போடுமாம்."

அன்ரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டியை என் மடியில் வைத்துவிட்டுப் போனா.

வதனி விபூதித் தட்டோடு வந்தாள். எனக்குப் பூசினாள். காலையில் குளிர்ந்த அதே இடத்தில். மகளுக்குப் பூசப் போனவள் அவள் முகத்தைப் பார்த்துக் கையை நிறுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னண்ணை? எப்பிடிப் போனது?"

"எல்லாம் வடிவா…" என்று தொடங்கினேன். சட்டி மடியில் சுட்டது.

"அம்மா," என்றாள் ஆரணி. "நான் மாமாவைச் சுடப் பார்த்தனான்."

பக்கத்துக் காரில் ஒரு குடும்பம் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் ஏறிப் போகும்வரைக்கும் வதனி அசையவில்லை. பிறகு ஆரணி எல்லாவற்றையும் சொன்னாள். தொப்பி, புதர், காது, இரண்டு டிக். தன் பக்கம் ஒன்றையும் குறைக்கவில்லை. பைனாகுலரால் முதலில் பார்க்காமல் துவக்கைத் தூக்கியதைக்கூடச் சொன்னாள். அது எனக்கே தெரியாது. நான் இடையில், "பிழை என்னில" என்று இரண்டு தரம் சொன்னேன். இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"ஹீ புட் ஹிஸ் ஹாண்ட்ஸ் அப், அம்மா," என்றாள். "கையைத் தூக்கிக்கொண்டிருந்த ஒராளுக்கு நேர நான் துவக்கை நீட்டிக்கொண்டு நிண்டனான்."

வதனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் தங்கச்சி, மச்சான். என்னோடு அதே சந்திகளில், அதே வெயிலில் நின்றவள். ஏன் தூக்கினாய் என்று அவள் கேட்கவில்லை. "கை தானா எழும்பினதோ?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓம்."

தட்டைக் காரின் கூரையில் வைத்தாள். எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. நாளைக்கே துவக்குக் கடை. ஆரணிக்கும் தெரிந்திருந்தது. "கடையில குடுத்திடுவம், அம்மா. இட்ஸ் ஓகே," என்றாள்.

"பொறு," என்றாள் வதனி. "உன்ர அப்பா இருவது வருசத்துக்கு மேல காட்டுக்குப் போனவர். வந்து ஒவ்வொரு முறையும் என்ன சொல்லுறவர் தெரியுமோ? ஒண்டும் நடக்கேல்லை. ஒருநாள் கை முழுக்க நடுங்கிக்கொண்டு வந்து தேத்தண்ணியை நிலத்தில ஊத்திப்போட்டு, அண்டைக்கும் ஒண்டும் நடக்கேல்லையாம். நான் நம்பினனான் எண்டு நினைச்சுக்கொண்டே போயிட்டார். ஒவ்வொரு முறையும் நான் என்ன நடந்திருக்கும் எண்டு யோசிச்சு யோசிச்சு, நித்திரையில்லாமல்…"

நிறுத்தினாள். விபூதியை விரலில் எடுத்து மகளின் நெற்றியில் பூசினாள். கொஞ்சம் அதிகமாகவே.

"நீ மலையால இறங்கி வந்த உடன சொல்லிப்போட்டாய். இனி நீ போய்வந்து ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொன்னால் நான் நம்பலாம். உன்ர பேருக்கு மாத்து."

"எனக்கு அது இப்ப வேணுமோ எண்டு தெரியேல்லை, அம்மா."

"அது உன்ர பாடு. என்ர சம்மதம் இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "உன்னட்டையெல்லோ நான் உண்மையைக் கேட்டு அனுப்பினனான், அண்ணை. வடிவாப் போனதாம், வடிவா! சட்டியைத் தா இஞ்சாலை."

துவக்கு இப்போது ஆரணியின் பெயரில், அவளுடைய இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் காட்டுக்குப் போகவில்லை. குறிபழகும் இடத்துக்கு மட்டும் போகிறாள். அந்தக் கிழவர் இன்னமும் வந்து ஒருக்கால் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்கிறாராம். போன கிழமை நானும் போனேன். என் துவக்கின் பாதுகாப்புப் பூட்டைத் தள்ளித் திறந்து பார்த்தேன். நெய்யில் கத்தி போவது மாதிரி, காதை ஒட்டி வைத்தால்கூடக் கேட்காது. எவ்வளவு பெருமையாக வாங்கினேன் அதை. அன்றைக்குப் பிள்ளையின் கையில் இருந்தது அது என்றால், எனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. கை எழும்பியிருக்காது. நூறு வருடப் பழசு மாதிரியான உன் இரும்பு, தான் செய்யப்போவதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் செய்கிறது. அந்தச் சிரிக்கிற மனிதர்களுக்கு இது தெரியுமோ, அல்லது அவர்கள் சளக்-சளக்குக்குத்தான் சிரிக்கிறார்களோ, தெரியாது. உனக்குத் தெரிந்திருந்ததா?

தேத்தண்ணியை ஊற்றிய அந்த நாளில் என்ன நடந்தது, மச்சான்? யார் உன் முன்னால் நின்றது? என்னிடமாவது சொல்லியிருக்கலாமே. ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவேன் என்று பயந்தாயா? சொல்லியிருப்பேன்தான். ஆனாலும் வதனி அத்தனை வருடம் தனியாக முழித்திருக்கத் தேவையில்லை.

ஆரணி மறுபடி காட்டுக்குப் போவாள் என்றே நினைக்கிறேன். நேற்று என்னிடம் ஜிப்ஸ்லாண்டில் எப்போது உறைபனி குறையும் என்று சும்மா கேட்பது போலக் கேட்டாள். அவள் போகும் நாளில் நானும் கூடப் போவேன். திரும்பி வந்து வதனியின் முன்னால் நிற்கும்போது, நடந்ததை அவளே சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கமாட்டேன். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். அதைப் பணயம் வைத்துத் தரும் வாக்கு இது.

இப்படிக்கு,
இன்னமும் சுடப்படாமல் இருக்கும் உன் மச்சான்,
ஆரணியின் தாய்மாமன்,
ராசன்